நிறுவனத் தகவல் மேலாண்மை: கொங்குப் பகுதித் தொழிலில் இருப்பவர்கள் கற்றுத் தேற ஒரு முழு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு டி-சர்ட் ஆர்டர் கப்பல் ஏறுவதற்குள் அதன் பின்னால் சேரும் காகிதங்களை எண்ணிப் பாருங்கள். பையர் (சரக்கு வாங்குபவர்) அனுப்பிய டெக் பேக் (ஆடையின் வடிவம், அளவு விவரம்), பர்ச்சேஸ் ஆர்டர், நூல் வாங்கிய பில், நிட்டிங்குக்குப் போன டெலிவரி சலான் (டிசி), டையிங்குக்குப் போன சலான், லேப் டிப் (சாய மாதிரி) ஒப்புதல், காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி இறுக்கும் வேலை) இன்வேர்டு (வரவுப் பதிவு), கட்டிங் லாட் சீட்டு, பீஸ் ரேட் கணக்கு, செக்கிங் ரிப்போர்ட், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில். தைக்க ஆள் வேண்டுமென்றால் மெஷினில் உட்காரவைத்துப் பழக்குகிறோம். இந்தக் காகிதங்களையும் இவற்றுக்குள் இருக்கும் எண்களையும் பார்த்துக்கொள்ள யாரையும் முறையாகப் பழக்குவதில்லை. அக்கவுண்ட்ஸில் புதிதாகச் சேரும் பிள்ளை, ஏற்கெனவே இருக்கும் அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. அந்த அக்கா கல்யாணமாகி வேறு ஊர் போனால், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அறிவும் அவரோடு போய்விடுகிறது.

இதைத் தனித் தொழிலாகவே கற்கலாம். தகவல் மேலாண்மை என்று அதற்குப் பெயர். உலகத் தரங்களும் தேர்வுகளும் சான்றிதழ்களும் உண்டு. பனியன் கம்பெனி, பம்பு ஆலை, லாரி ஆபீஸ், மஞ்சள் மண்டி என எங்கே வேலை பார்த்தாலும் இது பொருந்தும். கற்கும் வரிசையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். என் உறுதியான கருத்து இது: சாஃப்ட்வேரில் தொடங்காதீர்கள், சான்றிதழிலும் தொடங்காதீர்கள். உங்கள் கம்பெனியில் முடிந்துபோன ஒரு ஆர்டரில் தொடங்குங்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

படி 1: முடிந்த ஆர்டர் ஒன்றைத் தடம் பிடியுங்கள்

போன வருஷம் ஏற்றுமதியாகிப் பணமும் வந்துசேர்ந்த ஒரு ஆர்டரை எடுங்கள். அதன் ஆவணங்கள் அத்தனையையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதுதான் முதல் பயிற்சி. கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் எடுத்து முடித்துவிடாதீர்கள். மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரை நடத்துபவர்), ஸ்டோர், கட்டிங், பேக்கிங், அக்கவுண்ட்ஸ் என்று ஒவ்வொரு இடமாக நேரில் போங்கள். கையில் ஒரு நோட்டு. அதில் ஐந்து கட்டம். ஆவணம் எது, அதை எழுதுவது யார், இருக்கும் இடம் எது, பார்த்துப் பயன்படுத்துவது யார், எத்தனை காலம் வைக்க வேண்டும். கடைசிக் கட்டத்துக்கு யாரிடமும் பதில் இருக்காது. காலியாக விடுங்கள், நான்காம் படியில் நிரப்பலாம்.

“ஏனுங்க்கா, இந்த ஆர்டரோட டையிங் டிசி எங்கீங்க?”

“அந்த புக்கு தீந்துபோச்சு கண்ணு. மாடில அட்டப்பெட்டில கெடக்கும் பாரு.”

இப்படி வரும் பதிலை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். “மாடி, அட்டைப்பெட்டி” என்பதுதான் அந்த ஆவணத்தின் இன்றைய முகவரி. அதை அழகுபடுத்தி “பதிவறை” என்று எழுதினால் உங்கள் பட்டியல் முதல் நாளிலேயே பொய்யாகிவிடும்.

தேடும்போது ஆவணம் காணாமல் போனதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று தெரியவரும். ஒரே எண் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். துணியின் எடையை எடுத்துக்கொள்ளுங்கள். நிட்டிங் முடிந்து போகும் எடையும் டையிங் முடிந்து வரும் எடையும் ஒன்றாக இராது. இடையில் ப்ராசஸ் லாஸ் உண்டு. அந்த இழப்பு எத்தனை சதவீதம் என்பதை வைத்துத்தான் அடுத்த ஆர்டருக்கு எவ்வளவு நூல் வாங்குவது என்று முடிவாகிறது. ஆனால் மெர்ச்சண்டைசரின் எக்செலில் ஒரு எடை, ஸ்டோர் இன்வேர்டு நோட்டில் ஒரு எடை, டையிங் பில்லில் ஒரு எடை. எதை நம்பிக் கணக்குப் போடுவது?

ஒவ்வொரு தகவலுக்கும் மூல இடம் ஒன்றுதான் இருக்க வேண்டும். இந்தத் துறையின் அடிப்படையே அதுதான். தராசில் நிறுத்தவுடன் எழுதப்படும் இன்வேர்டு பதிவுதான் எடைக்கு மூலம் என்று வைத்துக்கொண்டால், மற்ற எல்லோரும் அங்கிருந்துதான் எண்ணை எடுக்க வேண்டும். தனியாக மறுபடி தட்டச்சு செய்யக் கூடாது. டையிங் பில்லில் வேறு எடை வந்தால் அது திருத்திக்கொள்ள வேண்டிய எண் இல்லை. கேள்வி கேட்க வேண்டிய எண். எடை, கலர், அளவு, விலை, டெலிவரி தேதி ஆகிய ஐந்துக்கும் மூல இடம் எது என்று எழுதி, மெர்ச்சண்டைசரும் ஸ்டோரும் அக்கவுண்ட்ஸும் கையெழுத்துப் போடும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: எது ஆவணம் என்று தீர்மானியுங்கள்

எல்லாக் காகிதமும் ஆவணம் ஆகாது. வேலை நடக்கும்போது கிறுக்கிய கணக்குத் தாளைத் தூக்கிப் போடலாம். ஒரு முடிவுக்கோ, பணத்துக்கோ, சட்டத்துக்கோ சாட்சியாக நிற்பது மட்டும்தான் ஆவணம். இதற்கென்று உலகத் தரம் உண்டு: ஐஎஸ்ஓ 15489. 2001-இல் வந்தது, 2016-இல் திருத்தப்பட்டது. ஓர் ஆவணத்துக்கு நான்கு குணங்கள் வேண்டும் என்கிறது அது. எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது. உள்ளே உள்ள விவரம் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். பின்னால் யாரும் கை வைத்திருக்கக் கூடாது. தேவைப்படும்போது எடுத்துப் படிக்க முடிய வேண்டும்.

இந்த நான்கையும் நம் ஊர் வாட்ஸப் பழக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷேடு (சாய நிறம்) ஒப்புதல் வாய்ஸ் மெசேஜில் வருகிறது. அதை நம்பி ஒரு லாட் முழுக்கச் சாயம் ஏற்றுகிறோம். சரக்கு போன பிறகு பையர் “நாங்கள் ஒப்புக்கொண்ட ஷேடு இது இல்லை” என்று டெபிட் நோட் (தர வேண்டிய பணத்தில் கழிக்கும் சீட்டு) போட்டால், அந்த மெசேஜ் இருந்த போன் மெர்ச்சண்டைசரின் சொந்தப் போன். அவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். வாட்ஸப்பே வேண்டாம் என்று சொல்வது நடக்காத காரியம். ஒப்புதல் வந்த அன்று மாலைக்குள் தேதி தெரியும்படி அதை எடுத்து ஆர்டர் ஃபோல்டரில் சேர்க்க வேண்டும். கூடவே “இன்ன தேதியில் இன்ன ஷேடுக்கு ஒப்புதல் தந்தீர்கள், அதன்படி டையிங் தொடங்குகிறோம்” என்று பையருக்கு ஒரு மெயில் போக வேண்டும். இரண்டு வரி மெயில்தான். ஒரு கன்டெய்னர் சரக்கின் வழக்கு அதில் நிற்கும்.

கோவை பம்பு ஆலைகளில் இதே சிக்கல் வரைபடத்தில் வரும். டிசைன் பிரிவு ரிவிஷன் மாற்றிவிடும். ஃபவுண்டரியில் (வார்ப்பாலையில்) பழைய பிரதி சுவரில் ஒட்டியபடியே இருக்கும். காஸ்டிங் பழைய அளவில் வந்துசேரும். புதிய ரிவிஷன் கொடுக்கும்போது பழைய பிரதியைக் கையெழுத்து வாங்கித் திரும்பப் பெறுவது என்ற ஒரே பழக்கம் இதைத் தடுக்கும். ஐஎஸ்ஓ 9001 தரத்தின் 7.5 பிரிவு ஆவணக் கட்டுப்பாடு என்று கேட்பதும் இதைத்தான். ஆடிட் வரும் வாரத்தில் மட்டும் ரிவிஷன் எண் ஒட்டும் கம்பெனிகளுக்கு அந்தச் சான்றிதழால் எந்தப் பயனும் இல்லை.

படி 3: பெயர் வையுங்கள், எண் கொடுங்கள்

ஃபைல் பெயருக்கு ஒரே வடிவம் போதும்: ஆண்டு-மாதம்-தேதி, ஆர்டர் எண், ஆவண வகை, பதிப்பு எண். ஆண்டு முன்னால் வந்தால் கம்ப்யூட்டர் தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். “புதுசு”, “கடைசி”, “கடைசி-2” என்ற பெயர்களை அன்றே நிறுத்துங்கள்.

பார்ட்டி பெயர்கள் இன்னும் முக்கியம். ஒரே ஜாப் ஒர்க் யூனிட் (நம் சரக்கை வாங்கிக் கூலிக்கு வேலை செய்து தரும் இடம்) டாலி கணக்கு சாஃப்ட்வேரில் மூன்று ஸ்பெல்லிங்கில் மூன்று லெட்ஜராக இருந்தால், அவருக்கு எவ்வளவு பாக்கி என்று யாராலும் சொல்ல முடியாது. பெயரை நம்பாமல் ஜிஎஸ்டி எண்ணை அடையாளமாகக் கொள்ளுங்கள். 15 இலக்கம், முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்தும் பான் எண். ஒரே பான் எண்ணில் இரண்டு லெட்ஜர் இருந்தால் ஏன் என்று பாருங்கள். கூடவே உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உண்டா என்ற விவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கும் வேலைக்கும் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். யார் அந்தப் பட்டியலில் வருகிறார் என்று தெரியாமல் அந்தக் கெடுவைக் காப்பாற்ற முடியாது.

படி 4: எத்தனை வருஷம் வைப்பது, எப்போது அழிப்பது

நோட்டில் காலியாக விட்ட ஐந்தாம் கட்டத்துக்கு இப்போது வருகிறோம். பயிற்சியின் மிகக் கனமான பகுதி இதுதான்; இதில் தேறியவரை எந்தக் கம்பெனியும் விடாது.

ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டின் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. வெறுமனே “ஆறு வருஷம்” என்று மனப்பாடம் செய்தால் தவறு வரும். 2023-24 நிதியாண்டை எடுங்கள். ஆண்டறிக்கையின் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. அங்கிருந்து 72 மாதம் என்றால் 2030 டிசம்பர் 31. அதாவது 2023 ஏப்ரலில் போட்ட பில்லை ஏழே முக்கால் வருஷம் காக்க வேண்டும். அந்த ஆண்டு குறித்து அப்பீலோ விசாரணையோ நடந்தால், அது முடிந்து ஒரு வருஷம் வரை, அல்லது மேலே சொன்ன தேதி வரை, எது பிந்தியதோ அதுவரை.

பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆம் பிரிவும் சேரும்: எட்டு நிதியாண்டுக் கணக்குப் புத்தகங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேர் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவை அணைக்கவும் முடியக் கூடாது. நம் பக்கம் கூட்டு நிறுவனங்களும் தனி உரிமையாளர் நிறுவனங்களும் நிறைய. அவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் டாலியில் எடிட் லாக் உள்ள வசதியைப் பயன்படுத்துவது நல்லது. “இந்த வவுச்சரை மாத்துனது யாருங்க?” என்ற சண்டை அலுவலகத்தில் பாதியாகக் குறையும்.

திருப்பூருக்கு மிக முக்கியமானது ஜாப் ஒர்க் விதி. ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவுப்படி, வரி கட்டாமல் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய நூலோ துணியோ ஒரு வருஷத்துக்குள் திரும்ப வர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனை ஆக வேண்டும். மெஷின் போன்ற மூலதனப் பொருளுக்கு மூன்று வருஷம். தவறினால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். ஐடிசி-04 என்ற படிவத்தில் இந்தப் போக்குவரத்தைக் காட்ட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதற்குள் இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி என்று ஒரே துணி ஐந்து இடம் போய்வரும் ஊரில், எந்தச் சலான் எந்த இன்வேர்டோடு பொருந்துகிறது என்று சொல்லத் தெரிந்தவர் கையில்தான் கம்பெனியின் வரிச்சுமை இருக்கிறது. எல்லாச் சலானுக்கும் 300-ஆம் நாளில் நினைவூட்டல் வரும்படி ஓர் எக்செல் தாள் போடுங்கள். பயிற்சியில் செய்யும் முதல் உருப்படியான வேலை அதுவாக இருக்கட்டும். நாமக்கல் லாரி ஆபீஸ்களில் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ், பெர்மிட், புகைச் சான்று ஆகியவற்றின் முடிவுத் தேதிகளுக்கும் இதே தாள் உதவும்.

அழிப்பதும் பயிற்சியின் பகுதிதான். கெடு முடிந்த ஆவணங்களை ஒரு பட்டியலாக்கி, முதலாளியும் ஆடிட்டரும் கையெழுத்துப் போட்ட பிறகு, துண்டு துண்டாக்கி அப்புறப்படுத்த வேண்டும். பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போடும் வழக்கம் நிற்க வேண்டும். அந்தக் கட்டுகளுக்குள் தொழிலாளர்களின் ஆதார் நகலும் பேங்க் கணக்கு எண்ணும் இருக்கும்.

படி 5: யார் பார்க்கலாம், எப்படிக் காப்பது

வடமாநிலங்களிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பவர்களின் ஆதார், போட்டோ, வீட்டு முகவரி, கைரேகை எல்லாம் ஒரு கம்பெனியில் குவிகின்றன. 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றுக்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். அந்த அவகாசத்தைப் பயன்படுத்துங்கள். முழு எண் தேவையில்லாத இடங்களில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை வாங்குங்கள். சம்பளத் தாள் யாருடைய கம்ப்யூட்டரில் திறக்கலாம் என்று எழுதிவையுங்கள். அபராதத்துக்குப் பயந்து மட்டும் இதைச் செய்ய வேண்டியதில்லை. ஊர் விட்டு ஊர் வந்து நம்மை நம்பி அடையாள அட்டையைக் கொடுத்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அது.

காப்புப் பிரதிக்கு மூன்று-இரண்டு-ஒன்று என்ற விதி போதும்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். டாலி டேட்டாவைப் பென்டிரைவில் எடுத்து அதே மேசை டிராயரில் போட்டால் அது காப்பு ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து மீட்டெடுத்துப் பாருங்கள். திறக்காத பிரதியை இருப்பதாகவே கணக்கில் வைக்காதீர்கள். வைரஸ் புகுந்து ஃபைல்கள் பூட்டிக்கொண்டால், கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு. தெரிவிக்க வேண்டிய ஆள் யார் என்று முன்கூட்டியே பெயர் குறித்துவையுங்கள்.

படி 6: இப்போது படிப்பைத் தேர்ந்தெடுங்கள்

மேலே உள்ள ஐந்து படியும் கையில் இருந்தால், வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் உங்களிடம் ஓர் உதாரணம் இருக்கும். அதுதான் நான் இந்த வரிசையை வலியுறுத்தக் காரணம்.

கம்ப்யூட்டர் பழக்கமே குறைவு என்றால் மத்திய அரசின் நீலிட் நிறுவனம் நடத்தும் 80 மணி நேர சிசிசி என்ற அடிப்படைக் கம்ப்யூட்டர் படிப்பு போதுமான தொடக்கம். கல்லூரியில் இருப்பவர்கள், 2022 மார்ச் 1-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு என்ன பாடம் வந்திருக்கிறது என்று கேளுங்கள். வேலையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளம். ஐஐடி பேராசிரியர்களின் பாடம் இலவசம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய் கட்டணம். வாராந்திரப் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். மேலாண்மைத் தகவல் அமைப்புகள், தரவுத்தள மேலாண்மை என்ற தலைப்புகளில் தேடுங்கள்.

அடுத்த கட்டம் உலகச் சான்றிதழ்கள். மூன்று திசை உண்டு. ஆவணங்களில் ஆர்வம் என்றால் ஆவண மேலாண்மை அமைப்பான ஆர்மாவின் எட்டுக் கோட்பாடுகளைப் படித்துவிட்டு, தகவல் மேலாண்மை அமைப்பான எய்மின் சிஐபி சான்றிதழைப் பாருங்கள். எண்களிலும் தரவிலும் ஆர்வம் என்றால் தரவு மேலாண்மை அமைப்பான டாமாவின் சிடிஎம்பி சான்றிதழ்: முதல்நிலைக்கு 100 கேள்வி, 90 நிமிடம், 60 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. பாதுகாப்பு, தணிக்கை என்றால் தகவல் பாதுகாப்புத் தரமான ஐஎஸ்ஓ 27001-க்கு லீட் ஆடிட்டர் ஐந்து நாள் பயிற்சி. அந்தத் தரத்தின் 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள். அதற்கும் மேலே இசாகா அமைப்பின் சிசா என்ற தகவல் அமைப்புத் தணிக்கைச் சான்றிதழ்: 150 கேள்வி, நான்கு மணி நேரம், 800-க்கு 450 வேண்டும், தேறினாலும் ஐந்து வருஷ அனுபவம் காட்டினால்தான் சான்றிதழ், படிப்புக்கேற்ப அதில் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. இவை எதுவும் தமிழில் இல்லை, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். தமிழ் வழியில் படித்தவர்கள் தயங்க வேண்டாம். கேள்விகள் சூழ்நிலை சொல்லிக் கேட்பவை, ஐந்து படி வேலை செய்தவருக்குச் சூழ்நிலை புரிந்துவிடும்.

உள்ளூர் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பாடம் எடுப்பவர் ஏதாவது ஒரு கம்பெனியில் ஆவணப் பட்டியல் போட்டிருக்கிறாரா? என் கம்பெனி ஆவணங்களை வைத்துப் பயிற்சி செய்ய விடுவீர்களா? தேர்வை நடத்துவது நீங்களா, வெளி அமைப்பா? “நூறு சதவீதம் வேலை” என்பதை முதல் வரியில் சொல்லும் இடத்தில் நான் பணம் கட்ட மாட்டேன். தொழில் சார்ந்த குறும்பயிற்சிகளுக்கு கோவையில் 1956 முதல் இயங்கும் ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ரா, 1969-இல் உருவான சிறுதொழில் சங்கமான கொடிசியா, திருப்பூரில் ஏற்றுமதியாளர் சங்கம் ஆகியவற்றின் அறிவிப்புகளைக் கவனித்துவாருங்கள்.

படி 7: முதலாளியிடம் எப்படிப் பேசுவது

“தகவல் மேலாண்மை” என்று ஆரம்பித்தால் காது கொடுக்க மாட்டார்கள். திரும்ப வராத சலான் எத்தனை, அதன் மதிப்பு எவ்வளவு, போன வருஷம் டெபிட் நோட்டில் போன தொகையில் ஒப்புதல் ஆவணம் இல்லாததால் போனது எவ்வளவு என்று எடுத்துக் காட்டுங்கள். ஆர்கானிக் ஆர்டர் எடுக்கும் கம்பெனி என்றால், ஜிஓடிஎஸ் என்ற உலக ஆர்கானிக் ஜவுளித் தர முறையில் நூல் முதல் ஆடை வரை ஒவ்வொரு விற்பனைக்கும் கேட்கும் டிரான்ஸாக்ஷன் சர்டிபிகேட்டைக் காட்டுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் அந்தச் சரக்கை ஆர்கானிக் என்று விற்க முடியாது. ஐரோப்பாவுக்கு அனுப்புவோர் இன்னொன்றையும் சொல்லலாம். 2024 ஜூலை 18-இல் அமலுக்கு வந்த ஐரோப்பிய விதி, பொருட்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் (பொருளின் விவரம் அடங்கிய மின்பதிவு) கேட்கப் போகிறது. முன்னுரிமைப் பட்டியலில் துணியும் ஆடையும் இருக்கின்றன. எந்த நூல், எந்தச் சாய ஆலை, எந்த யூனிட் என்ற விவரம் அன்றைக்குத் தேடிக் கொடுக்கக்கூடியதாக இராது. இன்றிலிருந்தே சேர்ந்து வந்திருக்க வேண்டும்.

வேலை தேடுபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. எம்ஐஎஸ் எக்ஸிக்யூட்டிவ், டாக்குமென்டேஷன், கம்ப்ளையன்ஸ், ஈஆர்பி ஒருங்கிணைப்பாளர் என்று பல பெயர்களில் இந்த வேலை விளம்பரமாகிறது. பெயரைப் பார்த்து விட்டுவிடாதீர்கள், வேலை விவரத்தைப் படியுங்கள். நேர்முகத்துக்குப் போகும்போது சான்றிதழோடு நீங்கள் போட்ட ஐந்து கட்டப் பட்டியலையும் சலான் நினைவூட்டல் தாளையும் எடுத்துப்போங்கள். பையர், பார்ட்டி, தொழிலாளர் பெயர்களையும் விலைகளையும் முழுவதும் நீக்கிவிட்டு, பழைய முதலாளியின் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் முதலில் கவனிப்பது அந்த நீக்கத்தைத்தான்.